ரீல்ஸ்காரங்களால நம்ம கடற்கரைப் பிள்ளைங்க கெட்டுப்போறாங்களா?

12.04.2025 — கேள்வி (தேவிபட்டினம் வாசகர்)

பையன் பத்தாவது பரீட்சை எழுதிக்கிட்டிருக்கான். கடைசிப் பேப்பர் பாக்கி. புத்தகத்தை விரிச்சு வச்சு அதுக்குள்ள போனை வச்சிருக்கான். பைக்கைத் தூக்கி ஓட்டுற ரீல்ஸ்காரன் ஒருத்தன். அவனை மாதிரியே முடி, அவனை மாதிரியே பேச்சு. "நம்ம வீட்ல என்ன இருக்கு"ன்னு அம்மாவை எடுத்தெறிஞ்சு பேசுறான். இந்த ரீல்ஸ்காரங்க, யூடியூபருங்க எல்லாரையும் மொத்தமா தடை பண்ணாத்தான் பிள்ளைங்க உருப்படும்ங்கறது என் கருத்து. ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் எப்படி?

12.04.2025, இரவு 10.40

தடைன்னா நானும் கை தூக்குறேன். பாம்பன்ல பன்னெண்டு வருசமா செல்போன் சர்வீஸ் கடை வச்சிருக்கேன். நம்ம ஊர்ப் போனுக்கு வர்ற முதல் சீக்கு உப்புக்காத்து. சார்ஜிங் பின்னுக்குள்ள பச்சை பூத்துக் கெடக்கும். பிரஷ்ஷால தேச்சு, திரவம் விட்டுத் துடைச்சா சரியாயிரும். ரெண்டு மூணு வருசமா வர்ற சீக்கு வேற. மெமரி ஃபுல்லுன்னு கொண்டு வருவாய்ங்க. தொறந்தா ஒரே மூஞ்சி மூவாயிரம் தடவை இருக்கும்.

முந்தாநாள் ஒரு பொண்ணு வந்துச்சு. பதினாறு வயசு. "மாமா, முன்பக்க கேமரா ரிப்பேர். கருப்பா காட்டுது"ன்னு நீட்டுச்சு. லென்ஸைத் துடைச்சேன். என் மூஞ்சியை எடுத்தேன். வெளிய போயி ரோட்டை எடுத்தேன், எதிர்க்க நின்ன ஆட்டை எடுத்தேன். கேமராவுல ஒரு குறையும் இல்ல. "நல்லாத்தானே இருக்கு"ன்னேன். உடனே ஒரு ஆப்பைத் தொறந்து காட்டுச்சு. அதுல மூஞ்சி வெளுத்து, மூக்கு கூராகி வருது. "இதுல இப்படி வருதுல்ல, கேமராவுல மட்டும் ஏன் இப்படி வருது?"

எனக்கு வாய் வரல. டெம்பர் கிளாஸை மாத்திவிட்டு, காசு வேணாம்னு அனுப்பிட்டேன்.

பாம்பன் புது ரயில் பாலம் 6-ந்தேதி திறந்ததுலேர்ந்து இன்னும் மோசம். ரோட்டுப் பாலத்துல குச்சியில போனை மாட்டிக்கிட்டு நிக்கிறாய்ங்க, பஸ் ஒதுங்க இடமில்ல. 72.5 மீட்டர் தூக்குத் தண்டவாளம் மேல போறதைப் பாக்க வந்தவன் அதுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு தன் மூஞ்சியைத்தான் பாத்துக்கிட்டு நிக்கிறான்.

13.04.2025

ஒரு திருத்தம். அந்த மாடல் போனை இன்னைக்கு வேற ஒருத்தர் கொண்டுவந்தார். முன்பக்க கேமராவுலயே அழகு மோடுன்னு ஒண்ணு இருக்கு. பெட்டியைப் பிரிக்கும்போதே ஆன்லதான் வருது. அந்தப் பொண்ணு போன்ல அது ஆஃப் ஆகியிருக்கணும், அதான் "ரிப்பேர்". அப்படின்னா இத்தனை நாளா அது பாத்ததே தன் மூஞ்சி இல்ல. நேத்து முழுப் பழியையும் ரீல்ஸ்காரன் தலையில கட்டிட்டேன். போன் கம்பெனிக்கும் பாதி குடுக்கணும்.

17.04.2025

மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பிச்சு மூணாவது நாள். 61 நாளைக்கு விசைப்படகு போகாது. ஆம்பளைங்க எல்லாம் கரையில. பிள்ளைங்க போன்ல இருக்காங்கன்னு புலம்புற இழையில இதையும் சொல்லிரணும்: இந்த மூணு நாள்ல எங்கிட்ட டேட்டா ரீசார்ஜ் பண்ணவங்கள்ல முக்காவாசி நாப்பது வயசுக்கு மேல.

பரமக்குடி தங்கச்சி ஒண்ணு (காலேஜ்ல சைக்காலஜி படிக்குதாம்) "உங்க கடை அனுபவம் ஆதாரம் ஆகாது அண்ணே"ன்னு ரெண்டு மூணு ஆராய்ச்சியை அனுப்பி வச்சிருக்கு. வாசிச்சேன். 2019-ல ஆமி ஆர்பென், ஆண்ட்ரூ பிரிஷிபில்ஸ்கின்னு ரெண்டு பேர் 3,55,358 பிள்ளைங்களோட விவரத்தை அலசி, மனநலத்துல இருக்கிற ஏத்த இறக்கத்துல டிஜிட்டல் சாதனத்தால விளக்க முடிஞ்சது அதிகபட்சம் 0.4 சதவீதம்னு எழுதியிருக்காங்க. உருளைக்கிழங்கு சாப்பிடுறதுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு சம்பந்தம் வந்துச்சாம். எங்க வீட்ல சொன்னேன். "அப்ப நாளையிலேர்ந்து உருளைக்கிழங்கு வாங்காதீங்க"ன்னு பதில் வந்துச்சு.

இன்னொரு பக்கம், அமெரிக்க அரசோட தலைமை மருத்துவரா இருந்த விவேக் மூர்த்தி 2023 மே மாசம், ஒரு நாளைக்கு மூணு மணி நேரத்துக்கு மேல இதுல இருக்கிற பிள்ளைங்களுக்கு மனச்சோர்வு, பதட்டம் மாதிரி பிரச்சினை வர்ற வாய்ப்பு ரெண்டு மடங்குன்னு எச்சரிச்சிருக்கார். 2021 செப்டம்பர்ல இன்ஸ்டாகிராம் கம்பெனியோட உள் ஆவணமே வெளிய கசிஞ்சிருக்கு. மூணுல ஒரு பொண்ணுக்கு உடம்பைப் பத்தின எண்ணம் மோசமாகுதுன்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்கு.

அந்த 0.4 எனக்கு உறுத்திக்கிட்டே இருக்கு. அது பொய்யின்னு சொல்ல வரல. மீனவர் சங்கத்துல வருசக் கணக்கு எடுத்தா எல்லா போட்டுக்கும் மீன்பாடு வந்திருக்குன்னுதான் இருக்கும். வலையைப் பறிகுடுத்துட்டு வந்தவன் வீட்டுல போயி அந்தக் கணக்கை வாசிக்க முடியுமா?

18.04.2025

பரமக்குடி தங்கச்சி காதைத் திருகிருச்சு. ரெண்டு தப்பு:

"மூணுல ஒரு பொண்ணு" இல்லையாம். ஏற்கெனவே தன் உடம்பைப் பத்தி மனசு நொந்திருந்த பொண்ணுங்கள்ல 32 சதவீதம் பேர், இன்ஸ்டாகிராம் அதை இன்னும் மோசமாக்குச்சுன்னு சொன்னதுதான் அந்த ஆவணம். பெரிய வித்தியாசம். நொந்து போனவங்களைத்தான் தேடிக் குத்துது.

அப்புறம் அந்த 0.4, டிவி, கேம், கம்ப்யூட்டர் எல்லாம் சேந்த கணக்கு. ரீல்ஸ்காரங்களை மட்டும் எடுத்துப் பாத்ததில்ல.

ஒத்துக்கறேன்.

22.04.2025

தூக்கம் வராம ஒண்ணு யோசிச்சேன். நாங்க சின்னப் பிள்ளையா இருந்தப்ப மட்டும் நடிகரைப் பாத்து முடி வெட்டலையா? வெட்டுனோம். நானும் வெட்டுனேன், அப்பா வெளக்குமாத்தைத் தூக்குனார். ஆனா நடிகர் மாதிரி நமக்குக் கார் இல்லையேன்னு ஒருத்தனும் அழுததில்ல. அழுதது யாரைப் பாத்து? சவுதியிலேர்ந்து வந்த சித்தப்பா மகன் ஒரு வாசனையோட நடந்து போனானே, அவனைப் பாத்து. அவனும் நானும் ஒரே தட்டுல சோறு தின்னவங்க.

ஃபெஸ்டிங்கர்னு ஒருத்தர் 1954-லயே இதை எழுதிட்டாராம் (தங்கச்சி உபயம்). மனுசன் தன்னை ஒப்பிட்டுப் பாக்குறது எட்டாத ஆளோட இல்ல, தன்னை மாதிரியே இருக்கிற ஆளோட.

இப்ப பாருங்க. தங்கச்சிமடத்துல ஒரு பையன் இருக்கான், நாப்பதாயிரம் ஃபாலோயர். துணிக்கடைக்காரன் சட்டை குடுக்குறான், ஓட்டல்காரன் பிரியாணி குடுக்குறான். நம்ம பேச்சு, நம்ம நிறம். அவன் நிக்கிற படித்துறை நம்ம படித்துறை. நடிகர் வீட்டுல நீச்சல் குளம் இருந்தா அது கதை. இவன் புது போன் வாங்குனா அது கேள்வி. எங்கிட்ட வேலைக்கு நின்ன பையன் ஒருநா ஸ்க்ரூவை டப்பாவுல போட்டுக்கிட்டே சொன்னான்: "அவன் எங்க தெருதாண்ணே. அவனுக்கு மட்டும் எப்படிண்ணே?"

தேவிபட்டினத்துக்காரரே, உங்க பையன் பாக்குற பைக் ரீல்ஸ்காரன் எந்த ஊரு? நம்ம ஜில்லாவா இருந்தா எனக்கு எழுதுங்க.

25.04.2025

பைக் ரீல்ஸ்காரன் சாயல்குடிப் பக்கமாம், நம்ம ஜில்லாதான். சொன்னேன்ல.

"எல்லாரையும் திட்டுறீங்களே, உங்களுக்கு சேனல் இல்லையா?"ன்னு தொண்டி நண்பர் கேக்குறார். இருக்கு. 212 சப்ஸ்கிரைபர். டிஸ்ப்ளே மாத்துறது, பின் கழட்டுறதுன்னு போடுவேன். அதிகம் பேர் பாத்தது எதுன்னா, போன் போர்டுல ஈயம் பத்த வச்சுக்கிட்டிருக்கும்போது பூனை மேசையில ஏறி வந்து ஸ்க்ரூவையெல்லாம் தட்டிவிட்ட வீடியோ. ஆயிரம் சப்ஸ்கிரைபரும் நாலாயிரம் மணி நேரமும் ஆனாத்தான் யூடியூப்காரன் விளம்பரக் காசுல பங்கு குடுப்பான். என் வேகத்துக்கு அது பேரன் கையிலதான் வரும்.

இன்னொண்ணையும் சொல்லிர்றேன். போர்டு வேலையை நான் கத்துக்கிட்டதே யூடியூப்லதான். இந்தி தெரியாது. டெல்லிக்காரன் ஒருத்தன் கை போற போக்கைப் பாத்துப் பாத்தே கத்துக்கிட்டேன். நம்ம கடற்கரையில மீனவங்களே நடத்துற சேனல் எத்தனை இருக்கு, வலை எப்படி விடுறாங்க, என்ன மீன் எப்ப வரும்னு வெளியூர்க்காரனுக்கு நம்ம தொழிலைக் காட்டுறது அவங்கதான். ஆக, 12-ந்தேதி மொத்தத் தடைக்குக் கை தூக்குனேன்ல, அந்தக் கையைப் பாதி இறக்கிக்கறேன்.

17.05.2025

நேத்து பதினொண்ணாவது ரிசல்ட். கடையில ஒரே கூட்டம், எல்லாரும் மார்க்கை ஸ்டேட்டஸ்ல வைக்க. மார்க் கொறஞ்ச பிள்ளைங்க வரல. உங்க வீட்ல அப்படி ஒரு பிள்ளை ரூமை விட்டு வராம இருந்தா 14416-க்கு அடிங்க. டெலி மானஸ், அரசாங்கத்தோட மனநல உதவி எண், காசு கெடையாது, தமிழ்ல பேசலாம்.

கீழக்கரைலேர்ந்து ஒரு அக்கா எழுதியிருக்காங்க. "தம்பி, ஏப்ரல் 12-ல ஒரு பொண்ணு கேமரா ரிப்பேர்னு வந்ததா எழுதுனீங்க. கடைக்கு வர்ற வாடிக்கையாளர் அண்ணேன்னுதானே கூப்பிடும். அந்தப் பொண்ணு உங்களை மாமான்னு கூப்பிடுது. காசும் வாங்காம அனுப்பியிருக்கீங்க. யாருப்பா அது?"

நாளைக்கு எழுதுறேன்.

18.05.2025

எங்க அக்கா மக.

அக்காவுக்கு தனுஷ்கோடி போற ரோட்டுல மீன் வறுவல் கடை. ஓலைக் கொட்டகை, ஒரு பெரிய தோசைக்கல்லு. நகரை, பாறை, கணவாய், அன்னன்னைக்கு என்ன கிடைக்குதோ அது. மாமா விசைப்படகுல கூலிக்குப் போறவர். லீவு நாள்ல பாப்பா அம்மா கூட நிக்கும். மீன் கீறி மசாலா தடவுறது அதோட வேலை. ஒவ்வொரு மீனுக்கும் மூணு கீறல், ஒரே அளவுல, அடிஸ்கேல் வச்ச மாதிரி.

பொங்கல் லீவுல ஒரு வ்லாகர் வந்தான். சாப்பிட்டான், கண்ணை மூடித் தலையை ஆட்டுனான், கல்லைக் காட்டுனான், அக்காவைக் காட்டுனான். அப்படியே பாப்பா பக்கம் திருப்பி "தங்கச்சி, நீங்கதான் மாஸ்டரா?"ன்னு கேட்டான். பாப்பா சிரிச்சுக்கிட்டே கத்தியைக் காட்டுச்சு. வீடியோவுல பாப்பா வர்றது மொத்தம் 38 வினாடி.

வீடியோ ஆறு லட்சம் பேர் பாத்தாங்க. அக்கா கடைக்கு ஒரு மாசம் கூட்டம். மாமா கடன்ல கொஞ்சம் அடைஞ்சுச்சு, அதையும் சொல்லணும்.

கமெண்ட்டு ஆயிரத்துக்கு மேல. அக்காவுக்கு வாசிக்க நேரமில்ல. பாப்பா ஒண்ணு விடாம வாசிச்சிருக்கு. பாதிக்கு மேல மீனைப் பத்தித்தான். கொஞ்சம் பாராட்டு, பதினாறு வயசுப் பிள்ளையைப் பத்தி முன்னப்பின்ன தெரியாத ஆம்பளைங்க எழுதுற பாராட்டு எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். அதுல ஒருத்தன் எழுதுனதை மட்டும் பாப்பா மனப்பாடமாச் சொல்லுது. "மீனை விட அந்தப் பொண்ணுதான் நல்லா வறுபட்டிருக்கு." அதுக்கு 2,300 லைக்.

நான் கேட்டேன், "ஒருத்தன் சொன்னா ஊரே சொன்ன மாதிரியா?" அது சொன்னுச்சு, "ஒருத்தன் இல்ல மாமா. ரெண்டாயிரத்து முந்நூத்தியோரு பேர்."

பிப்ரவரிலேர்ந்து கடைக்கு வரல. பள்ளிக்கூடத்துக்குத் துப்பட்டாவால தலையைச் சுத்திக்கிட்டுப் போகும். வெயிலுக்குன்னு நெனச்சோம்.

அழகு மோடை யார் ஆஃப் பண்ணதுன்னு அப்ப எனக்குத் தெரியல. அதுவேதான் பண்ணியிருக்கு. வீடியோவுல வந்த மாதிரிதான் நெசமா இருக்கோமான்னு பாக்க.

18.05.2025, ஒன்றரை மணி நேரம் கழிச்சு

மேல எழுதுனதுல ஒண்ணை விட்டுட்டேன். வேணும்னேதான் விட்டேன்.

அந்த வ்லாகரை அக்கா கடைக்கு அனுப்புனதே நான்தான். அவனோட காலர் மைக்குல உப்பு ஏறிப்போச்சுன்னு எங்கிட்டதான் வந்தான். சரி பண்ணிக் குடுத்துட்டு, "தனுஷ்கோடி போறீங்கன்னா எங்க அக்கா கடையில சாப்பிடுங்க, வீடியோல என் கடை பேரையும் ஒரு வார்த்தை சொல்லிருங்க"ன்னேன். சொன்னான். வீடியோவுல நாலாவது நிமிசம். அதை வெட்டி எடுத்து குடும்ப குரூப், சங்க குரூப், ஸ்கூல்ல கூடப் படிச்சவங்க குரூப் எல்லாத்துலயும் போட்டேன். கமெண்ட்டை நானும்தான் பாத்தேன். என் கடையைப் பத்தி யாராவது எழுதியிருக்காங்களான்னு மட்டும் தேடிப் பாத்தேன்.

ரீல்ஸ்காரன் ரீல்ஸ்காரன்னு ஒரு மாசமா எழுதிக்கிட்டிருந்தேன்ல.

21.05.2025

நிறைய பேர் எழுதியிருக்கீங்க. திட்டுனவங்க திட்டுனது சரி. சட்டப்படி நோட்டீஸ் விடச் சொன்னவங்களுக்கு: மொதல்ல போன் அடிச்சுப் பாப்போம்னு அடிச்சேன்.

எடுத்தான். மதுரைப் பக்கத்துப் பையன், 24 வயசு. நான் சண்டைக்குத் தயாராப் போனேன். அவன் "அண்ணே, சத்தியமா அந்தக் கமெண்ட்டைப் பாக்கலண்ணே"ன்னான். வீடியோவை முழுசா எடுக்க மாட்டேன்னுட்டான், அவனுக்கு லட்சம் தாண்டுன வீடியோ அது ஒண்ணுதானாம். ஆனா ஏத்துன வீடியோவுலயே நடுவுல வெட்டுற வசதி யூடியூப்ல இருக்கு. அந்த 38 வினாடியை வெட்டிட்டான். கமெண்ட்டையும் மூடிட்டான். சாயங்காலத்துக்குள்ள ஆயிருச்சு.

அதுக்கப்புறம் அரைமணி நேரம் பேசினான். கேமராவுக்கு மாசத் தவணை. மூணு நாள் வீடியோ போடலன்னா ரீச் விழுந்துருமாம். ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு வியூஸ் பாப்பானாம். அவன் பல்லைப் பத்தி எழுதுறாங்களாம். போனை வச்சதும் அவனோட பழைய வீடியோவையும் புதுசையும் போட்டுப் பாத்தேன். பழசுல பல்லு தெரியச் சிரிக்கிறான். புதுசுல வாயை மூடிக்கிட்டுத்தான் சிரிக்கிறான். என்னத்தைச் சொல்ல.

அந்தத் துண்டை வெட்டி வேற நாலு ரீல்ஸ் பக்கத்துக்காரன் போட்டிருக்கான். ரிப்போர்ட் அடிச்சோம். ரெண்டு போயிருச்சு. ரெண்டு இன்னும் ஓடுது.

16.06.2025

தடைக்காலம் முடிஞ்சு போட்டெல்லாம் போயாச்சு. கடலுக்குள்ள விழுந்த போன் ரெண்டு இன்னைக்கே வந்திருச்சு. (அரிசியில போட்டு வைக்காதீங்க, எத்தனை தடவை சொல்றது. உப்புத்தண்ணின்னா உடனே ஆஃப் பண்ணிக் கொண்டாங்க.)

பாப்பா தலைகாணிக்கு அடியில அக்கா ஒரு டப்பாவைக் கண்டெடுத்தா. வெளுக்குற க்ரீம். மேல ஒரு பூப்படம், உள்ள என்ன இருக்குன்னு ஒரு வரி கெடையாது, தயாரிச்சவன் விலாசம் கெடையாது. 480 ரூபா. மீன் கீறிச் சேத்த காசு. சொன்னது யாருன்னு கேட்டா, இன்ஸ்டாவுல ஒரு பொண்ணு. முன்ன இப்படி இருந்தேன், ரெண்டு மாசத்துல இப்படி ஆயிட்டேன்னு போடுது. நம்ம ஜில்லாப் பேச்சு பேசுது, "அங்கிட்டு இங்கிட்டு"ங்குது. வடக்கத்தி நடிகை சொல்லியிருந்தா பாப்பா வாங்கியிருக்காது. ஏப்ரல் 22-ல எழுதுனது இந்த டப்பாதான்.

இந்த மாதிரி க்ரீம்ல பாதரசம் இருக்கலாம். பயமுறுத்தச் சொல்லல. கேரளாவுல கோட்டக்கல்ல சிறுநீரக டாக்டருங்க 2021-லேர்ந்து 2023 வரைக்கும் ஒரே வகை சிறுநீரக நோயோட வந்த 22 பேரைப் பாத்ததுல, 15 பேருக்கு அபூர்வமான ஒரு ரகம். அதுல 13 பேர் வெளுக்குற க்ரீம் பூசுனவங்க. நம்ம நாட்டு விதிப்படி சாதாரண க்ரீம்ல பத்து லட்சத்துல ஒரு பங்குக்கு மேல பாதரசம் இருக்கக்கூடாது. இந்த டப்பாவுல எவ்வளவுன்னு யார் சொல்றது?

பாப்பாவைக் கூட்டிக்கிட்டுப் போயி சிறுநீர் டெஸ்ட் எடுத்தோம். ஒண்ணுமில்ல. அக்கா ஆஸ்பத்திரி வாசல்லயே உக்காந்துட்டா.

காசு வாங்கிக்கிட்டுப் பேசுறவங்க அது விளம்பரம்னு பளிச்சுன்னு போடணும்னு நுகர்வோர் துறை 2023 ஜனவரியிலயே சொல்லிருச்சு. ஏமாத்துற விளம்பரம்னா 10 லட்சம் வரைக்கும் அபராதம், திரும்பப் பண்ணா 50 லட்சம். நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடிச்சுப் புகார் குடுத்திருக்கேன். அந்தப் பொண்ணுக்கும் வயசு இருபதைத் தாண்டாது போல. அது மூஞ்சியில அது என்ன பூசுதோ.

25.07.2025

நேத்து ஆடி அமாவாசை. தீவுக்குள்ள கால் வைக்க இடமில்ல. இழைக்குச் சம்பந்தமில்லாம ஒண்ணு எழுதுறேன், பொறுத்துக்கங்க.

ஒரு கோஷ்டி தனுஷ்கோடி சர்ச் இடிபாட்டுல நின்னு "பேய் நகரம்"னு பேசி ரீல்ஸ் எடுத்துட்டு, கடைக்கு வந்து சார்ஜ் போட்டுக்கிட்டிருந்தாய்ங்க. எங்க அப்பத்தா திண்ணையில இருந்துச்சு. 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல்ல தங்கச்சியைப் பறிகுடுத்தது அது. அந்தப் பையன் அன்பாத்தான் கேட்டான், "பாட்டி, அங்க ராத்திரி சத்தம் கேக்குமாமே?" அப்பத்தா சொன்னுச்சு, "கேக்கும்யா. அலைச் சத்தம் கேக்கும்." அதையும் எடுத்துக்கவான்னு கேட்டான். வேணாம்னுட்டேன். வேணாம்னு சொல்ல முடியும்ங்கறதே எனக்கு இந்த வருசம்தான் தெரியுது.

24.08.2025

காசு வச்சு ஆடுற ஆன்லைன் விளையாட்டுக்குப் புதுச் சட்டம் வந்திருச்சு, விளம்பரம் பண்றதும் குத்தம். நேத்து வரைக்கும் ரம்மி ஆடச் சொன்னவன் இன்னைக்கு வேற எதையோ விக்கிறான், அதே சட்டை, அதே சிரிப்பு. எங்கிட்ட வேலைக்கு நின்ன பையன் (22.04-ல சொன்னவன்) அதுல விட்டது பதினெட்டாயிரம். அவங்கப்பா வலைக்குன்னு வச்சிருந்தது. இதுல மட்டும் தடைக்கு என் ரெண்டு கையும் மேல.

11.12.2025

தேவிபட்டினத்துக்காரர் திரும்ப வந்திருக்கார். ஆஸ்திரேலியாவுல 16 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு சமூக வலைத்தளக் கணக்கு கெடையாதுன்னு நேத்துலேர்ந்து அமலாயிருச்சே, இங்க எப்பன்னு கேக்குறார். (பையன் ஐடிஐ-ல சேந்துட்டானாம், முடியை வெட்டிட்டானாம். பைக் ரீல்ஸ்காரனை இன்னும் பாக்குறானாம்.)

எனக்கும் அந்தச் செய்தி கடையில ஓடுச்சு. ஓடும்போதே ஒரு அம்மா ஏழாவது படிக்கிற பிள்ளைக்குப் போன் வாங்கிட்டு வந்து, எல்லாத்தையும் ஏத்திக்குடுங்கன்னாங்க. பிறந்த வருசம்னு கேட்ட எடத்துல என் கை தானா 2000-ன்னு அடிச்சிருச்சு. பன்னெண்டு வருசமா அப்படித்தான். பாம்பன்ல என் கையால கணக்குத் தொறந்த பிள்ளைங்க அத்தனை பேரும் 2000-ல பிறந்தவங்க. அழிச்சேன். சரியான வருசத்தைப் போட்டா ஆப் உள்ள விட மாட்டேங்குது. அந்தம்மா, "என்ன தம்பி, பக்கத்துக் கடையில உடனே போட்டுக் குடுக்குறாங்க"ன்னு போனை வாங்கிட்டுப் போயிட்டாங்க. ஐம்பது ரூபா போச்சு. அடுத்தவங்க வந்தாலும் விடுவேனான்னு தெரியல, கரண்ட் பில்லு இருக்கு.

பாப்பாவைப் பத்திக் கேட்டவங்களுக்கு: பன்னெண்டாவது போகுது. அக்டோபர்லேர்ந்து ஞாயித்துக்கிழமை மட்டும் கடைக்கு வருது. அக்கா அதுக்காக அடுப்பையே இடம் மாத்திட்டா, பாப்பா ரோட்டுக்கு முதுகைக் காட்டி உக்கார்ற மாதிரி. இப்ப வாடைக் காத்துல புகை முழுக்க அது மூஞ்சிக்குத்தான் அடிக்குது. கண்ணைத் துடைச்சுக்கிட்டே மூணு மூணா கீறுது. அடுப்பைத் திருப்புவோமான்னு கேட்டா, இருக்கட்டும்ங்குது.

போன ஞாயிறு சாயங்காலம் எங்கிட்ட வந்துச்சு. சார்ஜ் ஏறல, பின்னுல பச்சை. நான் பிரஷ் போட்டுக்கிட்டிருந்தேன். அது கடைப் போனை எடுத்து என் சேனலைப் பாத்துக்கிட்டிருந்துச்சு. பூனை வீடியோவுக்குச் சிரிச்சுச்சு. சத்தமா சிரிச்சுக் கேட்டு நாளாச்சு. ஒவ்வொண்ணா தள்ளிக்கிட்டே போயி, நிமிந்து கேட்டுச்சு.

"மாமா, எல்லாத்துலயும் உங்க கை மட்டும்தான் வருது. மூஞ்சி ஏன் ஒண்ணுல கூட வரல?"

கடையில வெளிச்சம் சரியில்லன்னு சொன்னேன். மேல ரெண்டு எல்இடி எரியுறதை அது நிமிந்து பாத்துச்சு.